அக்காள்மடம், தங்கச்சிமடம்: பாம்பன் துறைக் காசு விவகாரம்

பாம்பன் பாலத்தை விட்டு இறங்கி ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் வரிசையாக வரும் நிறுத்தங்களில் அக்காள்மடம் ஒன்று, தங்கச்சிமடம் ஒன்று. மல்லிகை நாற்று வாங்க வருகிறவர்களுக்குத் தங்கச்சிமடம் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் எங்கெங்கோ பூக்கிற மல்லிகைக்கு இந்தத் தீவின் மணலில்தான் வேர் பிடிக்கிறது. மீன் வாங்குகிறவர்களுக்கு இரண்டு ஊருமே பழக்கம். பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் உள்ளூரில் எவரும் ஒரு கதை சொல்வார்கள். சேதுபதி மன்னர் ஒருவர், மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை கொடுத்தார். அவரைக் கட்டியிருந்த அக்காளும் தங்கையும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக இரண்டு மடங்கள் எழுந்தன.

பெரும்பாலும் இதைச் சொல்லி முடிக்கும்போது மன்னரின் நேர்மைக்கு ஒரு சபாஷ் போட்டுவிடுவார்கள். மனுநீதிச் சோழன் வரிசையில் இன்னொருவர். கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அந்தச் சபாஷ் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஊழலுக்கு இடம் கொடுத்த ஏற்பாடு மன்னர் கையாலேயே ஆனது. பழி மருமகன் தலையில் விழுந்தது. கணக்கைத் தீர்த்தது அந்த இரண்டு பெண்கள்.

நடந்ததாகச் சொல்லப்படுவது

காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ராமநாதபுரத்தை மறவர் சீமையின் பெரிய அரசாக ஆக்கிய கிழவன் சேதுபதி 1710-ல் காலமானார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் முத்து விஜய ரகுநாத சேதுபதி. 1725-ல் இறக்கும்வரை ஆண்டவர். அவருடைய பெண்கள் சீனி நாச்சியார், லட்சுமி நாச்சியார் இருவரையும் தண்டபாணித் தேவர் என்ற ஒருவருக்கே மணம் முடித்துக் கொடுத்தார். தண்டத்தேவர் என்றும் சொல்வார்கள். மருமகனைத் தீவின் நிர்வாகத்துக்குப் பொறுப்பாக்கிப் பாம்பன் பக்கம் இருத்தினார்.

ராமேஸ்வரம் அப்போது இன்றைய மாதிரி ரயிலிலோ பஸ்ஸிலோ போய் இறங்கும் இடமில்லை. மண்டபம் கரைக்கு வந்து, தோணிக்குக் காத்திருந்து, கடலைத் தாண்டிப் பாம்பனில் இறங்கி, அப்புறம் மணலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்து, சேது மணல் எடுத்துக்கொண்டு திரும்பக் காசிக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள். அவர்களிடம் துறையில் காசு கேட்கப்பட்டது. இல்லாதவர்கள் தடுக்கப்பட்டார்கள். வடக்கிலிருந்து வந்த ஒரு யாத்திரிகர், கையில் காசில்லாததால் சுவாமி தரிசனம் கிடைக்காமல் போனதை ராமநாதபுரத்தில் மன்னர் காதில் போட்டார். மன்னர் விசாரித்தார். வாங்கியது தம் மருமகன் ஆட்கள் என்று தெரிந்தது. இது சிவத்துரோகம் என்று தீர்மானித்துச் சாகும் தண்டனை விதித்தார்.

கதையின் ஒரு வடிவத்தில் இன்னும் ஒரு படி உண்டு. தண்டனை விதிக்கும் முன் மன்னர் தம் பெண்களைக் கூப்பிட்டு, ஆள் யார் என்று சொல்லாமல், சிவத்துரோகம் செய்தவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர்கள் மரணம்தான் என்றார்கள். அது தங்கள் கணவர் என்பது பிறகே தெரிந்தது. இதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் பெண்களின் தர்ம உணர்வைப் புகழ்வதற்காகச் சேர்க்கிறார்கள். எனக்கு இந்தப் படிதான் கதையிலேயே கொடூரமானது. தண்டனைக்கான பொறுப்பில் ஒரு பங்கை இரண்டு பெண்கள் வாயிலிருந்தே வாங்கிக்கொள்கிற வேலை அது.

இவை செவிவழியாகவும் சேதுபதிகள் வரலாற்றை எழுதியவர்கள் வழியாகவும் வருபவை. ஆட்சியின் காலம், கிழவனின் மரணம், பின்னால் நாடு ராமநாதபுரம், சிவகங்கை என்று பிரிந்தது இவை உறுதியான செய்திகள். தண்டனைக் கதையை நான் மரபாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மரபு அக்கால அரண்மனை நடைமுறையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கலாம். நிறையவே பொருந்துகிறது.

துறை என்றால் என்ன வருமானம்

பாம்பன் நீரிணை அகலத்தில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் குறுகிய வாயில் வழியாகத்தான் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் ஒன்றையொன்று பார்க்கின்றன. பிற்காலத்தில் ஆங்கிலேயர் கால்வாயை ஆழப்படுத்தும்வரை அங்கே தண்ணீர் மிகவும் குறைவு. சரக்கை இறக்கி, தோணியை லேசாக்கி, தாண்டியபின் மறுபடி ஏற்ற வேண்டிய நிலை. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அனுமதியும் வேண்டும். 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இந்த வழிக்காகச் சேதுபதிகளோடு ஒப்பந்தம் பேசியதற்கு அதுதான் காரணம். கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்கள், முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு என்று கரை முழுக்கவே காசு புழங்கிய காலம் அது.

ஆக, பாம்பனில் உட்கார்ந்திருக்கிற அதிகாரியின் முன்னால் இரண்டு வகையான ஆட்கள் வருவார்கள். சரக்கோடு வருகிற வியாபாரி ஒருவர். காவி கட்டிய யாத்திரிகர் இன்னொருவர். வியாபாரியிடம் தீர்வை வாங்குவது ஊரறிந்த நடைமுறை. அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. யாத்திரிகரிடம் வாங்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே கரையில் காத்திருந்து, ஒரே கடலைத்தான் கடக்கிறார்கள்.

இலவசமாகக் கடத்திவிடு என்று உத்தரவு போடுவது சுலபம். தோணிக்காரருக்குக் கூலி யார் கொடுப்பது? பாய் கிழிந்தால் யார் தைப்பது? அரண்மனைக் கணக்கிலிருந்து வர வேண்டும். அந்தப் பணம் எத்தனை கை மாறி வரும், எத்தனை மாதம் தாமதிக்கும் என்பது அரசாங்க அலுவலகத்தில் பில் போட்டு அலைந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் தோணிக்காரர் ஏதாவது கேட்டிருப்பார். அப்புறம் அதுவே வழக்கமாகியிருக்கும். வழக்கமானதும் மேலே இருப்பவருக்கு ஒரு பங்கு போயிருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் துறைகளில் நடந்த முறைகேடுகள் எங்கும் இப்படித்தான் தொடங்கி இருக்கின்றன. ஒருவர் திடீரென்று ஒரு நாள் காலையில் பக்தர்களைக் கொள்ளையடிக்க முடிவெடுப்பதில்லை. (இன்றைக்கு ராமேஸ்வரம் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட டிக்கெட் எடுக்கிறோம். சிவத்துரோகம் என்று யாரும் சொல்வதில்லை, ரசீது வருகிறதே.)

மருமகன் ஏன் அங்கே இருந்தார்

இதே மன்னரின் இன்னொரு மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியார். அவரைக் கட்டியவர் நாலுகோட்டைப் பெரிய உடையாத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவர். சிவகங்கைச் சீமையின் வரலாற்றில் இந்தத் திருமணச் சீரின் விவரம் இருக்கிறது. ஆயிரம் வீரர்களைப் பராமரிக்கப் போதுமான நிலம், வரியில்லாமல். பிரான்மலை, திருப்பத்தூர், சோழபுரம், திருப்புவனம் ஆகிய கோட்டைகளின் பொறுப்பு. அதோடு தொண்டித் துறைமுகம்.

ஒரு மருமகனுக்குத் தொண்டி. இன்னொரு மருமகனுக்குப் பாம்பன். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கரையோர வருமானத்தை வீட்டு ஆட்களிடம் ஒப்படைப்பது முத்து விஜய ரகுநாதரின் நிர்வாக முறை. பின்னணியைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கிழவனுக்குச் சமக்குலத்தில் பிறக்காத மனைவி வயிற்று மகன் பவானி சங்கரன், தனக்குக் கிடைக்காத பட்டத்தை நினைத்துக்கொண்டே இருந்தவர். வடக்கே தஞ்சை மராட்டியர் அறந்தாங்கிப் பக்கம் கண் வைத்திருந்தார்கள். மதுரை நாயக்கர் அரசு தளர்ந்து கொண்டிருந்தாலும் பெயரளவுக்கு மேலதிகாரி. சொந்த உறவினரில் எவர் எப்போது தஞ்சாவூருக்கு ஓடி ஒரு படையைக் கூட்டிக்கொண்டு திரும்புவார் என்று சொல்ல முடியாத அரண்மனை. அப்படிப்பட்ட இடத்தில் மகளைக் கட்டியவரை நம்பலாம் என்பது ஒரு கணக்கு. மகளுடைய தாலி அவர் கழுத்தில் போட்ட கயிறு மாதிரி.

கிழவன் காலத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அவர் மனைவியரில் ஒருவர் காதலி நாச்சியார். அவருடைய உடன்பிறந்தவர் ரகுநாதத் தொண்டைமான். தொண்டைமான் கைக்குப் புதுக்கோட்டைப் பகுதி போனது அந்த உறவின் வழியாக. அக்கா தங்கை, அண்ணன் தம்பி பாசம் என்று நாம் பேசுவது இந்த அரண்மனைகளில் எல்லைக்கல்லாகவும் கோட்டைச் சாவியாகவும் மாறிக்கொண்டிருந்தது.

இரண்டு பெண்களை ஒருவருக்கே கொடுத்ததையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சேதுபதிகள் செம்பிநாட்டு மறவர். அவர்களிடம் கிளை என்கிற குல உட்பிரிவு தாய்வழி வருவது. பிள்ளைகள் அம்மாவின் கிளை. பட்டம் சகோதரி மகனுக்குப் போன சந்தர்ப்பங்களும் இந்த வம்சத்தில் உண்டு. மகள்களை இரண்டு வேறு வீடுகளில் கொடுத்தால் நாளைக்கு இரண்டு வேறு பேரப்பிள்ளைகள், இரண்டு வேறு படைகளோடு வந்து நிற்பார்கள். ஒரே வீட்டில் கொடுத்தால் உரிமை சிதறாது. சக்களத்திச் சண்டை வந்தாலும் அக்கா தங்கைக்குள் அடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சீனி நாச்சியாரையும் லட்சுமி நாச்சியாரையும் கேட்டிருப்பார்களா என்றால், அந்தக் கேள்வியே அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

ஏன் மன்னிக்க முடியவில்லை

தொண்டி மருமகன் வாழ்ந்தார், பாம்பன் மருமகன் செத்தார். இருவரும் துறையில் காசு வாங்கியவர்கள்தான். வித்தியாசம் யாரிடம் வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

சேதுபதி அரசு எப்படி உருவானது என்று திரும்பிப் போக வேண்டும். 1605 வாக்கில் மதுரையில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சி. ராமேஸ்வரம் போகிற வழி காடும் கள்ளர் பயமுமாக இருந்தது. நாயக்கரின் குரு யாத்திரை போனபோது அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர் போகலூர் சடைக்கத் தேவர். அதற்கான வெகுமதியாகத்தான் அவருக்குச் சேதுவைக் காக்கும் தலைமை கிடைத்தது. பின்வந்த சேதுபதிகளின் பட்டப் பெயர்களை வாசித்தாலே தெரியும்: சேதுமூல ரட்சா துரந்தரன், ராமநாத சுவாமி காரிய துரந்தரன். சேதுவையும் சுவாமி காரியத்தையும் தோளில் சுமக்கிறவர் என்று செப்பேட்டுக்குச் செப்பேடு எழுதிக்கொண்டார்கள். மறவர் தலைவர்கள் எத்தனையோ பேர் இருக்க இவர்கள் மட்டும் மன்னர்களாக நின்றதற்குக் காரணம் அந்த யாத்திரை வழி.

அந்த வழியில், அந்தத் துறையில், மன்னர் வீட்டு ஆளே யாத்திரிகரை மறித்தால் அது வெறும் கையாடல் இல்லை. வம்சத்தின் உரிமைப் பத்திரத்தையே கிழிக்கிற காரியம். காசியிலிருந்து வந்தவர் திரும்பிப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். தஞ்சாவூரில் கேட்பார்கள், மதுரையில் கேட்பார்கள். சேதுவைக் காக்கத் தெரியாதவருக்குச் சேதுபதி என்ற பெயர் எதற்கு என்று பவானி சங்கரன் கேட்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். மன்னர் அசந்திருந்தால் அவருக்கே ஆபத்து.

ஆகவே தண்டனையில் நேர்மை இருந்திருக்கலாம், அவசியமும் இருந்தது. இரண்டையும் பிரித்து எடை போட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறையை மருமகன் கையில் கொடுத்தது யார், மேற்பார்வை வைக்காமல் விட்டது யார், கடக்கிற செலவுக்கு வழி செய்தார்களா என்ற கேள்விகள் அந்தத் தண்டனையோடு சேர்ந்து அடங்கிவிட்டன. ஒரு தலை உருண்டதும் விசாரணை முடிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு மன்னரின் நீதிதான் நினைவிருந்தது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. எங்கோ வடக்கிலிருந்து வந்த, கையில் காசில்லாத, மொழி தெரியாத ஒரு யாத்திரிகர் நேராக மன்னரிடம் போய் முறையிட்டார் என்கிறது கதை. அரண்மனை வாசலில் அப்படியெல்லாம் யாரையும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். மன்னரின் மருமகனுக்கு, அதுவும் இரண்டு இளவரசிகளைக் கட்டித் துறையையும் கையில் வைத்திருந்தவருக்கு, அரண்மனையில் வேண்டாதவர்கள் இல்லாமல் இருந்திருப்பார்களா? புகார் உண்மையாகவே இருக்கட்டும். உண்மையான புகாரும் யாருக்காவது தேவைப்படுகிற நேரத்தில்தான் மன்னர் காதுவரை போய்ச் சேருகிறது.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம். அந்த ஓவியங்களின் நாயகர் இதே முத்து விஜய ரகுநாதர்தான். ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து செங்கோல் வாங்குகிறார். தஞ்சை மராட்டியரோடு சண்டை போடுகிறார். வெள்ளைக்காரர்களைச் சபையில் சந்திக்கிறார். வேட்டையாடுகிறார். அந்தப்புரத்தில் பெண்கள் சூழ இருக்கிறார். தம்மை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்பத் தெளிவாக இருந்த மனிதர். அந்தச் சுவரைப் பார்த்தபிறகு, மருமகன் தண்டனையையும் அவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரித்தான் செய்திருப்பார் என்று தோன்றுகிறது.

அக்காளும் தங்கையும்

கணவர் போய்விட்டார். தண்டனை கொடுத்தவர் பெற்ற தகப்பனார். இப்போது அந்த இரண்டு பெண்களுக்கு முன்னால் என்ன வழி இருந்தது?

ராமநாதபுரத்துக்குத் திரும்பி அப்பாவின் அரண்மனையில் விதவைகளாக இருக்கலாம். தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அப்படி இருந்தால் அவர்கள் வெறும் விதவைகளாக மட்டும் இருக்க முடியாது. பட்டத்துக்கு உரிமை கோர நினைக்கிற எவரும் அவர்களில் ஒருவரைத் தம் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள். அதனாலேயே மன்னர் ஆட்கள் காவல் வைப்பார்கள். அரண்மனை ஒன்றில் அக்காளைத் தங்கைக்கு எதிராகத் திருப்புவது பெரிய வித்தை இல்லை. 'உன் கணவரைக் காட்டிக் கொடுத்தது அவள்தான்' என்று ஒரு தாதி காதில் ஓதினால் போதும். மரண தண்டனைதான் என்று முதலில் வாய் திறந்தது யார் என்ற கேள்வி ஒன்றே வாழ்நாளுக்குப் பகையை வளர்க்கும்.

கதையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இருவரும் பிரியவில்லை. ஒருவர் தப்பித்து மற்றவரை விட்டுப் போகவில்லை. கதை அதைக் கணவர் மீதான பத்தினித்தனமாகச் சொல்கிறது. அதில் இருக்கிற உடன்பிறப்புப் பற்றை யாரும் தனியாகப் பேசுவதில்லை. சீனி நாச்சியாருக்கும் லட்சுமி நாச்சியாருக்கும் தகப்பனார் எதிரியாகிவிட்டார், கணவர் இல்லை, மாமியார் வீடு அழிந்துவிட்டது. மிச்சம் இருந்த உறவு ஒருவருக்கு மற்றவர் மட்டும்.

சரி, அவர்கள் தாமாகவே முடிவெடுத்தார்களா? இங்கேதான் 'தியாகம்' என்று உடனே எழுதக் கை வரவில்லை. 1710-ல் கிழவன் இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் உடன்கட்டை ஏறியதை அப்போது இந்தப் பகுதியில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் மார்ட்டின் எழுதிய கடிதம் பதிவு செய்திருக்கிறது. அதில் ஒரு பெண் கடைசி நிமிடத்தில் நெருப்பைப் பார்த்து நடுங்கி, அங்கே நின்ற கிறிஸ்தவப் படைவீரர் ஒருவரிடம் ஓடிப்போய்க் காப்பாற்றச் சொன்னதும் வருகிறது. அவர் பிழைக்கவில்லை. அந்த நாற்பத்தேழு பேரை நேரில் பார்த்த, அல்லது பார்த்தவர்கள் வாயிலாகக் கேட்ட தலைமுறைதான் சீனி நாச்சியாரும் லட்சுமி நாச்சியாரும். அரச குடும்பத்து விதவை என்ன செய்ய வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களோ அதை அவர்கள் செய்தார்கள். வேறு ஏதாவது செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சிந்திக்கக்கூட இடம் கொடுக்காத காலம்.

பின்னால் அந்த இடம் கொஞ்சம் விரிந்தது. ராமநாதபுரத்தில் பிறந்து, சசிவர்ணத் தேவரின் மகன் முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்ட வேலு நாச்சியார், 1772-ல் காளையார்கோவிலில் கணவர் விழுந்தபோது தீயில் இறங்கவில்லை. விருப்பாட்சிக்குப் போய், படை திரட்டி, 1780-ல் சிவகங்கையை மீட்டார். அரை நூற்றாண்டு இடைவெளிதான். ஆனால் வேலு நாச்சியாருக்கு எதிரி ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கும்பெனியும். யாரை எதிர்ப்பது என்பதில் குழப்பமில்லை. சொந்த அப்பாவை எதிர்த்துப் படை திரட்டு என்று பாம்பன் சகோதரிகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மடங்களைப் பற்றி ஒன்று. தீக்குளித்த இடத்தில் மடம் எழுந்தது என்றால், ஒரே கணவரோடு உடன்கட்டை ஏறிய இருவருக்கு ஏன் இரண்டு தனித்தனி ஊர்? அக்காள்மடமும் தங்கச்சிமடமும் பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகும் பழைய யாத்திரை வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நடந்து வருகிறவர் களைத்துப்போய் உட்காருகிற இடைவெளியில். அவை சிதை எரிந்த இடங்கள் என்பதைவிட, பெண்கள் பெயரில் யாத்திரிகர்களுக்காக நிறுவப்பட்ட அறச்சாலைகள் என்று கொள்வதே பொருத்தம். மடங்கள் முதலில் இருந்து கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று வாதிடுகிறவர்களும் இருக்கலாம், அதற்கும் இடமுண்டு. எப்படியானாலும் மருமகன் காசு பறித்த அதே வழியில், அவர் மனைவியர் பெயரில், காசில்லாதவர்களுக்குத் தங்க இடமும் சோறும். கணவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரியான ஏற்பாடு. இதை மன்னர் செய்தாரா, குடும்பம் செய்ததா என்பது எதுவாயினும், ஈடு கட்டும் பொறுப்பும் பெண்கள் பெயரில்தான் எழுதப்பட்டது.

அதன் பிறகு

நாடறிந்த அந்தத் தண்டனை அரண்மனையைச் சுத்தப்படுத்தியதா? இல்லை. 1725-ல் அறந்தாங்கிப் பக்கம் படையெடுத்துப் போன இடத்தில் நோய் கண்டு முத்து விஜய ரகுநாதர் இறந்தார். அடுத்து வந்த சுந்தரேஸ்வர ரகுநாத சேதுபதியைத் தஞ்சைப் படையின் உதவியோடு பவானி சங்கரன் வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார். உதவிக்குப் பதிலாகத் தருவதாகச் சொன்ன நிலத்தைத் தஞ்சைக்குத் தரவில்லை. சசிவர்ணரை நாலுகோட்டையிலிருந்தே விரட்டினார். பாதிக்கப்பட்ட சசிவர்ணரும் சேதுபதி குடும்பத்துக் கட்டையத் தேவரும் அதே தஞ்சாவூருக்குப் போய், அதே படையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1730-ல் பவானி சங்கரன் தோற்றுச் சிறைப்பட்டார்.

கூலியாகத் தஞ்சை மன்னர் பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த பகுதியை எடுத்துக்கொண்டார். மீதி நாடு ஐந்து கூறானது. மூன்று கூறு கட்டையத் தேவருக்கு, ராமநாதபுரம். இரண்டு கூறு சசிவர்ணருக்கு, சிவகங்கை. அகிலாண்டேஸ்வரி நாச்சியாரின் கணவர், சீராக வாங்கிய கோட்டைகளையும் துறைமுகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு புது அரசுக்கே முதல் மன்னர் ஆனார். அவருடைய மைத்துனிகள் இருவரின் பெயர் சிவகங்கை வரலாற்றில் வருவதில்லை. தொண்டி சிவகங்கைக்குப் போனது. பாம்பன் துறை ராமநாதபுரத்தோடு இருந்தது, யாத்திரிகர்கள் 1914-ல் ரயில் பாலம் வரும்வரை தோணியில்தான் கடந்தார்கள்.